ஆர்எக்ஸ் 100: சூடானதும் ஐடில் (ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கையில ஓடற வேகம்) தானா ஏறுது. கார்புரேட்டரா, கிராங்க் சீலா?

பொத்தைக்காரன்:
அண்ணாச்சிமாரே, 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். பொத்தையில (சின்னக் குன்று) பாறை ஏறி இறங்கத்தான் வண்டி. பின் ஸ்ப்ராக்கெட் பெருசு, முதல் கியர்ல நடை வேகம்தான். காலையில ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுது. நல்லா சூடானப்புறம் ஆக்ஸிலேட்டரை மூடினாலும் இரைச்சல் இறங்காம அப்படியே நிக்குது, சில சமயம் தானா ஏறுது. பாறை மேல கிளட்ச் பிடிச்சு நிக்கையில இப்படிச் செஞ்சா ஆபத்து. பிளக் வெள்ளை. ஒர்க்‌ஷாப்புல மெயின் ஜெட்டை (கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடற துவாரம்) ரெண்டு சைஸ் கூட்டிப் போட்டாங்க, ஒரு மாத்தமும் இல்ல.

தேரிமண்:
மெயின் ஜெட் முக்கால் ஆக்ஸிலேட்டருக்கு மேலதான் வேலை செய்யும். நீங்க ஓட்டுறது அரைக்கால் திறப்புல. அங்க பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடற சின்ன ஜெட்), ஏர் ஸ்க்ரூ (ஐடில் கலவையைத் திருத்தற திருகு), ஸ்லைடோட (ஆக்ஸிலேட்டர் கேபிள் தூக்கற கதவு) வெட்டு, இதுங்க ராஜ்யம். முதல்ல ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. இரைச்சல் ஏறினா கேபிள் இழுபடுது, அதோட கதை முடிஞ்சது. இல்லேன்னா இன்ஜின் சூட்டோட ஏர் ஸ்க்ரூவை மெதுவா முழுக்க உள்ள திருகி, அங்கேருந்து ஒன்றரைச் சுற்று வெளிய எடுங்க. கால் கால் சுற்றா நகர்த்தி, எங்க ஐடில் உச்சத்துக்கு வருதுன்னு குறிங்க. இந்த வண்டியோட மிக்குனி கார்புரேட்டர்ல இந்த ஸ்க்ரூ உள்ள போனா பெட்ரோல் கூடும், வெளிய வந்தா காத்து கூடும். ஒரு சுற்றுக்குள்ளயே உச்சம் வந்தா பைலட் ஜெட் சின்னது, இல்லேன்னா அடைச்சிருக்கு. ரெண்டரையைத் தாண்டினா பெருசு. ஜெட் துவாரத்துல கம்பி விட்டுக் குத்தாதீங்க, பெருசாயிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காத்தும் போதும்.

உவரிக்கடல்:
இப்ப பங்க்ல வர்றது இ20. 20 சதவீதம் எத்தனால். அதே ஜெட்ல கலவை 7, 8 சதவீதம் மெலிஞ்சுதான் போகும், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தாது. பைலட் ஒரு சைஸ் கூட்டுங்க, சரியாகிடும்.

கல்லிடைமெக்கானிக்:
உவரிக்கடல், இ20 மெலிவு காலையிலும் சாயங்காலமும் ஒண்ணா இருக்கும்வே. இவருக்குச் சூட்டுல மட்டும் வருது, ஏறி ஏறி இறங்குது. ஜெட்டு அப்படி மனசு மாறாது. எங்கயோ காத்து உறிஞ்சுது.

பொத்தைக்காரன், ஐடில் ஏறி நிக்கையில சோக் லீவரைப் போடும். இரைச்சல் இறங்கி ஒழுங்கானா கலவை மெலிவுங்கறது உறுதி. அடுத்து கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்க ரப்பரைக் கழட்டி வளைச்சுப் பாரும். மேலாப்ல முழுசா தெரியும், வளைச்சாத்தான் உள் வெடிப்பு வாய் திறக்கும். அது நல்லா இருந்தா கிராங்க் சீல்தான், கிராங்க் ஷாஃப்ட்டோட ரெண்டு பக்கமும் காத்து புகாம அடைக்கற ரப்பர் வளையம். இடது பக்க மேக்னட் (கரண்ட் எடுக்கற பாகம்) சீல் போனா வெளிக்காத்து உள்ள வரும்: பிளக் வெள்ளை, ஐடில் ஏத்தம். வலது பக்க கிளட்ச் சீல் போனா கியர் ஆயிலை உறிஞ்சும்: அடர் புகை, பிளக் ஈரம், ஆயில் அளவு குறையும்.

சந்தேகம் தீரணும்னா பிரஷர் டெஸ்ட். ரத்த அழுத்தம் பாக்கற கருவியோட பல்பும் மீட்டரும் போதும். சைலென்சரைக் கழட்டி எக்ஸாஸ்ட் வாயில டியூப் ரப்பர் வச்சு தகடு போட்டு முடுக்கும். கார்புரேட்டர் வாய்க்கு ரப்பர் அடைப்பு. பழைய பிளக்கோட பீங்கானை உடைச்செடுத்து, அந்த உடல்ல ஹோஸை ஒட்டி பிளக் துவாரத்துல மாட்டும். பிஸ்டனை அடிமட்டத்துல நிப்பாட்டி மீட்டர் 300 காட்டற வரை அடியும். அது சுமார் 6 பிஎஸ்ஐ, அதுக்கு மேல அடிச்சா நல்ல சீலையே பெயர்த்துடும். ஒரு நிமிஷத்துல 250க்குக் கீழ இறங்கினா கசிவு. சோப்புத் தண்ணியைச் சிலிண்டர் அடி பேக்கிங், ரப்பர் இணைப்பு, மேக்னட் பக்கம் எல்லாம் பூசினா முட்டை விடற இடம் காட்டிக்கொடுக்கும். ஓடற வண்டியில பெட்ரோல் தெளிச்சுப் பாக்கச் சொல்வாவ, கேக்காதீரும். தீப்பிடிக்கும்.

அதுவரை ஓட்டாதீரும். இதுல ஆயில் பம்ப் ஆக்ஸிலேட்டர் கேபிளோட சேர்ந்தது. ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கையில பம்ப் குறைச்சலாத்தான் ஊத்தும். இன்ஜினோ தானா கத்துது. மெலிஞ்ச கலவை, குறைஞ்ச ஆயில், கூட வேகம்: பிஸ்டன் பிடிச்சிரும்.

பொத்தைக்காரன்:
சோக் போட்டதும் இறங்கிடுச்சு. ரப்பர் நல்லா இருக்கு. 300 அடிச்சா அரை நிமிஷத்துல 200. மேக்னட் பின்னால ஸ்டேட்டர் பிளேட் (கம்பிச்சுருள் மாட்டின தகடு) ஓரமா நுரை கக்குது. கியர் ஆயில் அளவு குறையல. ரெண்டு சீலையும் மாத்தவா, இடது மட்டும் போதுமா?

கல்லிடைமெக்கானிக்:
சீலுக்கு முன்னால பேரிங். ரோட்டரை (சுத்தற மேக்னட்) மேலுக்கும் கீழுக்கும் ஆட்டிப் பாரும். கைக்கு ஆட்டம் தெரிஞ்சா புதுச் சீலும் சீக்கிரம் போயிடும், இன்ஜினைப் பிளந்துதான் ஆகணும். ஆட்டம் இல்லேன்னா இடதை வெளியில இருந்தே மாத்தலாம். வலது சும்மா இருந்தா இப்ப தொடாதீரும்.

ஸ்டேட்டர் பிளேட்டுக்கும் கேஸுக்கும் சேர்த்து உளியால ஒரு கோடு போட்டுட்டுக் கழட்டும், இல்லேன்னா பிளக்குல பொறி விழற டைமிங் போயிடும். ரோட்டருக்கு புல்லர் போடும், சுத்தியல் வேண்டாம். ரோட்டரை ஷாஃப்ட்ல பூட்டற அரைநிலா சாவி கீழ விழுந்து காணாமப் போவும், கவனம். பழைய சீல்ல சின்ன ஸ்க்ரூவை முடுக்கி இழுத்தா வரும். ஷாஃப்ட்ல கோடு விழுந்துச்சுன்னா புதுசும் அதே இடத்துல ஒழுகும். ஸ்பிரிங் தெரியற முகம் உள்பக்கம் போகணும். உதட்டுல கிரீஸ் தடவி, வெளி வளையத்துக்குச் சரியான சாக்கெட்ட வச்சுத் தட்டி, கேஸோட மட்டத்துக்கு நிப்பாட்டும். முடிச்சு மறுபடி 300 அடிச்சுப் பாத்துட்டுத்தான் மூடணும்.

தேரிமண்:
முதல் டேங்குல லிட்டருக்கு 20 மில்லி டூட்டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலை பெட்ரோல்லயே கலந்துக்கோங்க. பம்ப் குழாயைக் கழட்டியிருந்தா காத்தை வெளியேத்தாம ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஒர்க்‌ஷாப்புல கூட்டின மெயின் ஜெட்டையும் பழைய நம்பருக்கே கொண்டு வாங்க. கசிவு நின்னதும் அது மேல்வேகத்துல பெட்ரோலைக் கொட்டி, சைலென்சர் பேஃபிளை (உள் குழாய்) கரியால அடைச்சிடும். அப்புறம் ஏர் ஸ்க்ரூவைத் திரும்ப ஒன்றரையில இருந்து ஆரம்பிங்க.