அலுவலக மென்பொருளுக்கான நிறத் தெரிவுப் பெட்டி: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் நாங்கள் மூவர் சேர்ந்து, கூட்டுறவுச் சங்கங்களும் பாடசாலைகளும் கடிதம், அறிக்கை தயாரிப்பதற்கான ஒரு சிறிய மென்பொருளை உருவாக்கி வருகிறோம். அதன் நிறத் தெரிவுப் பெட்டியில்தான் இப்போது சிக்கியிருக்கிறோம்.

மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸில் ஒரு தீம் (ஆவணம் முழுவதற்கும் ஒரே தோற்றம் தரும் தொகுப்பு) 12 நிறங்களைக் கொண்டது. பெட்டியில் அவற்றுள் 10 மட்டுமே தெரியும், இணைப்புகளுக்குரிய இரண்டும் மறைந்திருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஐந்து சாயல்கள் உண்டு. '40% வெளிர்' என்ற சாயல், மூல நிறத்தின் ஒளிர்வை 60 சதவீதமாக்கி, அதனுடன் முழு ஒளிர்வின் 40 சதவீதத்தைக் கூட்டிப் பெறப்படுகிறது. இதே முறையை நாங்களும் பின்பற்றி, நிறத்தின் பெறுமானத்தை (அந்த நிறத்துக்கே உரிய எண்ணை) சேமிக்காமல் தீமில் அதன் இடத்தையே (எத்தனையாவது நிறம் என்பதையே) சேமிப்பதால், தீமை மாற்றியதும் ஆவணம் முழுவதும் ஒழுங்காக மாறுகிறது.

'அண்மையில் பயன்படுத்தியவை' வரிசையில்தான் சிக்கல். பாவனையாளர் தீமிலிருந்து எடுத்த பச்சையை அங்கே இடமாகச் சேமித்தால், அடுத்த ஆவணத்தில் அது நீலமாகத் தோன்றக்கூடும். பெறுமானமாகச் சேமித்தால், தீமோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். கண்ணால் கண்ட நிறமே திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஆனால் நண்பர்கள் உடன்படவில்லை. இவ்வகைப் பெட்டியை வடிவமைத்தவர்கள் எதைத் தெரிவு செய்தீர்கள், ஏன் என்று விளக்க முடியுமா?

மேலும், தீமிலுள்ள நிறங்களுள் ஒன்றின் பெயரான 'அக்சென்ட் 1' என்பதற்கு எங்கள் பிள்ளைகளுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் உடனே புரியும் தமிழ்ச் சொல் ஒன்றும் தேவை.