தம்பி வலி மாத்திரையை ஊசியில் ஏற்றுகிறான், எங்கே கூட்டிப் போவது?

வியாசர்பாடி அக்கா:
தம்பிக்கு 19 வயது. கொஞ்ச நாளாகப் பகலெல்லாம் தூக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். நேற்று சட்டையைத் துவைக்க எடுத்தபோது டேபென்டடால் என்ற வலி மாத்திரை அட்டையும், நைட்ரசெபாம் என்ற தூக்க மாத்திரையும் இருந்தன. மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறானாம், ஏரியா பசங்க சேர்ந்துதான். முழங்கையில் சீழ் வைத்திருக்கிறது. ரூமில் பூட்டி வைத்தால் நாலு நாளில் தெளிந்துவிடுவான் என்கிறார் அம்மா. சித்தப்பா ஒரு மறுவாழ்வு இல்லத்தில் பேசி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று வேறு பயம்.

பார்மசிஸ்ட், பெரம்பூர்:
அக்கா, பூட்ட மட்டும் வேண்டாம். டேபென்டடாலை நிறுத்தினால் உடம்பு முறுக்கி வலிக்கும், வாந்தி பேதி, தூக்கமே வராது. கொடுமையாக இருக்கும், ஆனாலும் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாமல் ஒரு வாரத்தில் தணியும். நைட்ரசெபாம் அப்படி இல்லை. தினமும் போட்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதை டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடும் ஆபத்தும் உண்டு, அதனால் ராத்திரி அவன் பக்கத்தில் யாராவது இருங்கள். எழுப்பியும் எழவில்லை, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108.

சீழையும் தள்ளிப்போடாதீர்கள். வாயில் போட வேண்டிய மாத்திரையில் இருக்கும் மாவுப் பொருள் முழுசாகக் கரையாது, ரத்தக் குழாயை அடைக்கும், கிருமி இதய வால்வு வரைக்கும் போகும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட் கட்டாயம். உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம், காலையில் மனநலப் பிரிவு ஓபிக்குப் போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. அதற்குள் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446, இலவசம்.

ராயபுரம் வாசி:
சித்தப்பா சொல்லும் இடம் பதிவு செய்யப்பட்டதா, டாக்டர் தினமும் வருகிறாரா என்று முதலில் கேளுங்கள். என் மாமா பையனை அப்படி ஓர் இடத்தில் விட்டோம், அடித்திருக்கிறார்கள், சங்கிலி போட்டிருக்கிறார்கள். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியே போடக்கூடாது. இன்னொன்றும் நடந்தது, அதுதான் பெரிய இழப்பு. வெளியே வந்தவன் பழைய அளவையே மறுபடி ஏற்றினான், அந்த இடைவெளியில் உடம்புக்குத் தாங்கும் சக்தி குறைந்துபோயிருந்தது, பிழைக்கவில்லை. விட்டுவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரம் அது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

வக்கீல், ஜார்ஜ் டவுன்:
கேஸ் பயத்தில் சிகிச்சையைத் தள்ளாதீர்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது: பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் தம்பி மேல் வழக்கே இல்லையே. அவன் ஒருத்தன் மட்டும் இப்படி என்று கூனிக் குறுகவும் வேண்டாம். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்வுப்படி நாட்டில் போதை ஊசி போடுபவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர்.

வியாசர்பாடி அக்கா:
அம்மாவிடம் படித்துக் காட்டினேன், சம்மதித்துவிட்டார். நாளைக் காலை ஸ்டான்லி. கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

பார்மசிஸ்ட், பெரம்பூர்:
காலி அட்டைகள் எல்லாம், ஆதார், பழைய சீட்டு இருந்தால் அதுவும். ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறான் என்று அவனையே டாக்டரிடம் சொல்ல விடுங்கள், அந்த நேரம் நீங்கள் வெளியே இருங்கள்.