ஐபி68 என்று எழுதிய போனைத் தோட்டத்து வேலைக்கு எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: தடப்பள்ளி வாய்க்கால்

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு நெல்வயலும், மேட்டுப்பகுதியில் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் மஞ்சளும் இருக்கின்றன. அப்பாவுக்குப் புதிய போன் ஒன்று வாங்க வேண்டும். கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் (போனிலிருந்தே மோட்டாரை இயக்கும் கருவி) பொருத்திய பிறகு அவர் போன் இல்லாமல் வீட்டை விட்டு இறங்குவதில்லை; மடை திருப்பக் குனியும்போதும், தொட்டியில் கை கால் கழுவும்போதும் அது சட்டைப் பையில்தான் இருக்கிறது. கடையில் ஐபி68 என்று (தூசு, தண்ணீர் தாங்கும் திறனைக் குறிக்கும் எண்ணாம்) எழுதிய ஒரு போனைக் காட்டி, "தண்ணிக்குள்ள போட்டு எடுத்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்கள். பெட்டியிலிருந்த வாரண்டி அட்டையைப் புரட்டினால், திரவத்தால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டில் எதை நம்புவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என்னுடைய பழைய போனும் ஐபி68 தான். கீழே விழுந்து டிஸ்பிளே உடைந்ததால் வெளிக்கடை ஒன்றில் மாற்றினேன். புதிதாக வாங்காமல் அதையே அப்பாவிடம் கொடுத்துவிடலாமா? போன் நனைந்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: காந்திபுரம் சர்வீஸ்

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய போனைத் தண்ணீர் புழங்கும் வேலைக்குக் கொடுக்க வேண்டாம். கோவையில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் காரணத்தையும் சொல்கிறேன். டிஸ்பிளேவுக்கும் சட்டகத்துக்கும் நடுவே, ஓரம் முழுவதும் ஒரு மெல்லிய கறுப்புப் பசைநாடா சுற்றி வரும். தண்ணீரைத் தடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். டிஸ்பிளேவைக் கழற்ற வேண்டுமானால் அந்த நாடாவைச் சூடேற்றி அறுத்துத்தான் ஆக வேண்டும். மறுபடி மூடும்போது பழைய பசையை முழுவதுமாகச் சுரண்டி எடுத்து, அந்த மாடலுக்கென்றே வெட்டிய புதிய நாடாவைப் பதித்து, சீரான அழுத்தத்தில் ஒட்டினால் ஓரளவுக்குப் பழைய நிலை திரும்பும். பல கடைகளில் டியூபில் வரும் பசையைச் சுற்றிலும் இழுத்துவிட்டு, ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிடுவார்கள். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. போதாக்குறைக்கு, உங்கள் போன் கீழே விழுந்தது என்கிறீர்கள். விழுந்ததில் சட்டகம் இம்மியளவு வளைந்திருந்தால்கூட எந்த நாடாவும் அந்த இடத்தில் சரியாகப் படியாது.

புதிய போனிலும் இந்தப் பசை காலப்போக்கில் தளரும். தண்ணீர் தடுக்கும் திறன் நிரந்தரமானதல்ல, பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் இணையதளத்தில் எழுதி வைத்திருக்கிறது.

தண்ணீரில் விழுந்தது என்று சொல்லி எங்களிடம் வரும் போன்களில், உள்ளே ஒரு சொட்டுக்கூடப் போகாமல் சார்ஜ் மட்டும் ஏறாதவையும் உண்டு. சார்ஜ் துளை உட்புறமாக அடைக்கப்பட்டிருக்குமே தவிர, அதற்குள் இருக்கும் உலோக ஊசிகள் வெளியே திறந்துதான் கிடக்கின்றன. ஈரத்தோடு சார்ஜர் வயரைச் செருகினால் அந்த ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் தண்ணீர் வழியாகவே பாயத் தொடங்கி, உலோகத்தை அரிக்கிறது. உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துப் பார்த்தால் ஓரத்து ஊசிகளின் தங்க முலாம் போய், கறுத்தும் பச்சை பூத்தும் இருக்கும். ஆகவே நனைந்த போனை முதலில் அணைத்துவிட்டு, உறையைக் கழற்றித் துடைத்து, சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, அரை மணி நேரமாவது சார்ஜரைப் பக்கத்தில் கொண்டு வராதீர்கள். முழுவதும் உலர ஒரு நாள்கூட ஆகலாம். திரையில் நீர்த்துளிப் படம் போட்டு எச்சரிக்கை வந்தால் அதை மீறவே கூடாது. பஞ்சுக் குச்சியைத் துளைக்குள் விடுவது, ஹேர் டிரையரால் சூடேற்றுவது இரண்டும் நன்மையைவிடக் கெடுதலையே செய்யும். வாய்க்கால் தண்ணீரில் சேறும் இருக்கும் என்பதால், உள்ளே தண்ணீர் போகவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், வெளிப்புறத்தைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு உலர வைப்பது நல்லது.

சிம் தட்டை வெளியே இழுத்து, அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே வெள்ளை நிறத்தில் ஒரு சிறு புள்ளி தெரியும். தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடும். அது சிவந்திருந்தால் வாரண்டி என்ற பேச்சுக்கே சர்வீஸ் சென்டரில் இடமிருக்காது.

பதில்: அரிசிப்பானை

அரிசிக்குள் புதைத்து வைத்தால் போதாதா? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம், ஒன்றும் ஆனதில்லை.

பதில்: காந்திபுரம் சர்வீஸ்

அரிசிக்குள் வைக்காமல் மேசை மீது வைத்திருந்தாலும் அந்தப் போன் பிழைத்திருக்கும். மூடிய போனுக்குள் புகுந்த தண்ணீரை வெளியிலிருக்கும் அரிசி எப்படி உறிஞ்சும்? அரிசியின் தூசும் குருணையும் சார்ஜ் துளைக்குள் போய் அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். சிறு துகள்கள் போனைச் சேதப்படுத்தலாம் என்பதால் அரிசிப் பைக்குள் வைக்க வேண்டாம் என்று ஆப்பிளின் வழிகாட்டுதலிலும் இருக்கிறது.

பதில்: ஈரோடு இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு)

ஐபி எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை விளக்கினால், கடைக்காரர் சொன்னதும் அட்டையில் இருப்பதும் ஏன் முரண்படுகின்றன என்பது புரிந்துவிடும். இந்த எண்கள் ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிர்ணயத்திலிருந்து வருபவை. முதல் இலக்கம் தூசுக்கும் இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கும் உரியவை. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும். 8 என்ற இலக்கத்துக்கோ அப்படி ஒரே அளவு கிடையாது. 7ஐவிடக் கடுமையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி, ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே அறிவிக்கலாம். கேலக்ஸி எஸ்7 போனுக்கு 1.5 மீட்டரில் 30 நிமிடம், ஐபோன் 12க்கு 6 மீட்டரில் 30 நிமிடம் என்று அறிவித்தார்கள். இரண்டுமே ஐபி68 தான். ஆகவே வாங்கும்போது அந்தச் சிறிய எழுத்தை வாசிப்பது அவசியம்.

இந்தச் சோதனை நடப்பது ஆய்வகத்தில், அசையாத நன்னீரில், புத்தம் புதிய போனை வைத்து. பாயும் தண்ணீரும் தேங்கிய தண்ணீரும் வேறு. பீச்சியடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்ற இலக்கங்களில் தனிச் சோதனைகள் உள்ளன. 6க்கு நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தில் குழாயால் அடித்துப் பார்க்கிறார்கள். மூழ்கும் சோதனையில் தேறிய பொருள் பீச்சும் சோதனையிலும் தேறியதாகக் கொள்ள முடியாது. அதனால்தான் சில போன்களில் ஐபி66, ஐபி68 என்று இரண்டையும் சேர்த்துக் குறிப்பிடுகிறார்கள். ஐபி68 மட்டும் உள்ள போனைப் பையில் வைத்துக்கொண்டு கொடிவேரி அருவியின் கீழே நிற்பதற்கோ, மோட்டார் குழாய் கொட்டும் இடத்தில் அதைக் கழுவுவதற்கோ அந்த எண்ணில் எந்த உத்தரவாதமும் இல்லை.

தோட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விதியும் அந்தத் தரநிர்ணயத்தில் இருக்கிறது. மூழ்கும் சோதனையில் தண்ணீருக்கும் பொருளுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் வரப்பின் மேல் கிடந்த போன் 45 டிகிரி வரை சூடாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 25 டிகிரி கிணற்றுத் தண்ணீரில் விழுந்தால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து, அதன் அழுத்தம் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். கணக்குப் போட்டால் அது அரை மீட்டருக்கும் கூடுதலான நீர்மட்டத்தின் அழுத்தத்துக்குச் சமம். போன் ஒரு முழ ஆழத்தில்தான் கிடக்கும், ஆனால் அதன் இடுக்குகளில் ஒரு மீட்டர் ஆழத்துக்குரிய இழுப்பு இருக்கும். பசைநாடாவில் எங்காவது பலவீனம் இருந்தால் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படுவது அப்போதுதான்.

பதில்: நொய்யல் கரை

திருப்பூரில் சாயப்பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆசிரியர் ஐயா நன்னீர் என்று சொன்னதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில் உப்பும் சோடா உப்பும் ஏராளமாகக் கரைந்திருக்கும், தண்ணீரும் 60 டிகிரிச் சூட்டில் இருக்கும். அந்தத் தண்ணீர் தெறித்த போன்களில் முதலில் போவது ஸ்பீக்கரும் சார்ஜ் துளையும்தான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதாலும், காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே தங்கி ஈரத்தை இழுப்பதாலும், இன்றைக்குத் தப்பித்த போன் அடுத்த வாரம் நின்றுபோகும்.

உங்கள் தோட்டத்தில் சாயம் இல்லை என்றாலும் மருந்தடிப்பு உண்டல்லவா? வேப்பெண்ணெயோடு சோப்புக் கரைசல் கலந்து அடிப்பீர்கள். கடையில் வாங்கும் மருந்துகளிலும் இலையில் ஒட்டுவதற்கான திரவம் சேர்ப்பீர்கள். போனின் ஸ்பீக்கர், மைக் துளைகளுக்குப் பின்னால் காற்றை விட்டுத் தண்ணீரை மட்டும் தடுக்கும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது தண்ணீரைத் தடுப்பதே தண்ணீரின் பரப்பு இழுவிசையை நம்பித்தான். சோப்பு அந்த இழுவிசையைக் குறைத்துவிடுவதால், வெறும் தண்ணீர் நுழைய முடியாத இடத்தில் சோப்புத் தண்ணீர் நுழைந்துவிடும். மருந்தடிக்கும் நாளில் போன் தோட்டத்துச் சாளையிலேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

பதில்: நுகர்வோர் பக்கம்

வாரண்டி பற்றிய உங்கள் எரிச்சல் நியாயமானதே. வெளிநாடுகளில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற தோற்றத்தைத் தந்த விளம்பரங்களுக்காக, 2022இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் சாம்சங் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதில் பேசப்பட்டதும் நனைந்த பிறகு சார்ஜ் செய்யும்போது துளை அரிக்கும் பிரச்சினையே. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தபோது, தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு நனைந்த போனுக்கு வாரண்டியை மறுப்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது.

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைப் பற்றிப் பேசுகிறது. மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து வழக்கை நிறுத்துவது கடினம். அதைவிட, வாங்கும்போதே திரவச் சேதத்தையும் ஏற்கும் பாதுகாப்புத் திட்டம் அந்த மாடலுக்கு உண்டா என்று கேட்டு, ரசீதோடு எழுத்தில் வாங்கி வைப்பதே உருப்படியான வழி.

கேட்டவர்: தடப்பள்ளி வாய்க்கால்

பதில் எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. பழைய போனைக் கொடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். அப்பாவிடம் வெயில் கணக்கைச் சொன்னதும், "அப்ப போனையும் நிழல்ல கட்டோணுமாக்கும்" என்று சிரித்தார். ஐபி68 போனையே வாங்கி, மேலே ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பவுச்சும் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். மஞ்சள் விலையை வாட்ஸ்அப்பில் பார்ப்பதால் அவருக்கு ஸ்மார்ட்போன் தேவைப்படுகிறது.

பதில்: பொள்ளாச்சித் தென்னை

பவுச் நல்லதுதான், ஆனால் வெயிலில் உள்ளே வியர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் போனை வெளியே எடுத்துவிட வேண்டும். எங்கள் தென்னந்தோப்பில் நாங்கள் வேறு வழி பார்த்துக்கொண்டோம். மொபைல் ஸ்டார்ட்டர்கள் பெரும்பாலும் பதிவு செய்த எண்ணிலிருந்து வரும் அழைப்புக்கோ குறுஞ்செய்திக்கோ இயங்குபவை. அதற்கு ஸ்மார்ட்போனே வேண்டியதில்லை. விலை குறைந்த பட்டன் போன் ஒன்றில் இரண்டாவது சிம்மைப் போட்டு, அந்த எண்ணையும் ஸ்டார்ட்டரில் பதிந்துவிட்டால், வயலுக்கு அதை எடுத்துப் போகலாம்; வாட்ஸ்அப் போன் வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும். உங்கள் ஸ்டார்ட்டர் செயலி மூலம் மட்டும் இயங்கும் வகையா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை எண்களைப் பதியலாம் என்பது அதனுடன் வந்த கையேட்டில் இருக்கும்.