பெயருக்கு முன்னால் இரட்டை அண்டர்ஸ்கோர் (__) போட்டால் வேரியபிள் பூட்டிக்கொள்ளுமா? உங்கள் அனுபவங்கள்

தரமணி உறுப்பினர்:
பைத்தான் திட்டம் ஒன்றில், அக்கவுண்ட் என்ற அடிப்படை கிளாஸில் (தரவையும் செயல்களையும் ஒன்றாகக் கட்டும் வார்ப்பு) இருப்புத் தொகைக்கு __பேலன்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து சேவிங்ஸ் என்ற கிளாஸை நீட்டித்து, அங்கும் அதே பெயரை எழுதியபோது, _சேவிங்ஸ்__பேலன்ஸ் என்று எதுவுமே இல்லை எனப் பிழை வந்தது. இரட்டை அண்டர்ஸ்கோரில் தொடங்கும் பெயருக்கு முன்னால் கிளாஸின் பெயரைப் பைத்தானே ஒட்டிவிடும் என்பது இங்குள்ளோர் அறிந்ததுதான். இன்றும் உறுத்துவது நிரலைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் நடந்தது. "இதை வெளியிலிருந்து யாரும் தொடவே முடியாது" என்று டீம் லீட் அடித்துச் சொன்னார். நான் கட்டளைகளை உடனே இயக்கும் பைத்தான் ஷெல்லைத் திறந்து _அக்கவுண்ட்__பேலன்ஸ் = 0 என்று எழுதினேன்; எல்லோர் கண்முன்னும் இருப்பு 0 ஆனது. "அப்படியெல்லாம் யார் எழுதப்போகிறார்கள்?" என்றார் அவர். பெயர் இன்றுவரை மாறவில்லை.

அம்பத்தூர் உறுப்பினர்:
உங்களுக்காவது பிழைச் செய்தி புரிந்திருக்கிறது. தொழிற்பேட்டையில் ஒரு சென்சார் கருவிக்கான சி++ நிரலில், எனக்கு முன்பிருந்தவர், கிளாஸுக்கு வெளியே எட்டக்கூடாத பிரைவேட் வேரியபிளுக்கு _N என்று பெயரிட்டிருந்தார். புதிய போர்டுக்கு மாற்றியதும், எண்ணே இல்லாத அந்த வரியில் எண் ஒன்று இருக்கிறது என்று கம்பைலர் பிடிவாதம் பிடித்தது. சிறு கருவிகளுக்கான சி நூலகமான நியூலிப்பின் சிடைப் ஹெடர் கோப்பில் _N என்பது 04 என்ற மதிப்புள்ள மேக்ரோ; அதாவது, அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் கம்பைல் ஆகும் முன்பே 04 என்று மாறிவிடும். அண்டர்ஸ்கோரும் பெரிய எழுத்துமாகத் தொடங்கும் பெயர்களை சி++ தரநிலை கம்பைலருக்கும் அதன் நூலகங்களுக்கும் என ஒதுக்கி வைத்திருக்கிறது. அண்டர்ஸ்கோரை முன்னால் போடும் வழக்கமே ஒழிய வேண்டும்.

பெருங்குடி உறுப்பினர்:
அம்பத்தூர் நண்பர் சொல்வதை ஏற்க முடியாது. சி++-இன் தொல்லைக்கு மற்ற மொழிகளைத் தண்டிப்பானேன்? எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் _டோக்கனை வாடிக்கையாளர் நேரடியாகப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பெயரை மாற்றியதும் அவருடைய லாகின் பக்கம் படுத்துவிட்டது, அவ்வளவுதான் என் கதை. யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பைத்தானில் ஒற்றை அண்டர்ஸ்கோர் போதும். சப்கிளாஸில் (நீட்டித்த கிளாஸில்) பெயர் மோதாமல் இருக்கத்தான் இரட்டை என்று பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 தெளிவாகவே சொல்கிறது. சி++-இல் கூகுள் வழிகாட்டியைப் போல அண்டர்ஸ்கோரைப் பின்னால் வையுங்கள். நிரலைத் தானாகச் சோதிக்கும் கிளாங்-டைடியில் விதியாக எழுதிவிட்டால் வாய்ச்சண்டை மிச்சம். சி#-இல் அண்டர்ஸ்கோரும் சிறிய எழுத்தும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் குழுவினரே பின்பற்றும் வழக்கம். ஜாவாஸ்கிரிப்டில் பிரைவேட் பெயருக்கு முன்னால் போட 2022 தரநிலையிலிருந்து # குறி இருக்கிறது. அதை வெளியிலிருந்து தொட்டால் மொழியே தடுத்துவிடும். எல்லோரும் அந்த வழிக்கு மாறுவதே நல்லது.

தரமணி உறுப்பினர்:
பைத்தானில் # போட்டால் அந்த வரி இயங்காத வெறும் கமென்ட் ஆகிவிடும், ஐயா. மேலும், பெப் 8-ஐ அன்றே எங்கள் டீம் லீடுக்கு அனுப்பிவிட்டேன். அவர் ஒப்புதல் இல்லாமல் எங்களிடம் எந்த மாற்றமும் மெர்ஜ் ஆகாது (முதன்மை நிரலில் சேராது).