4294967297: கரும்பலகையில் ஒரு வகுத்தல்

காவேரிப்பட்டணம், கணித ஆசிரியர்:

மனதை விட்டு அகலாத எண் எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு 4294967297. இரண்டின் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது. இரண்டின் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று பகா எண்களாகவே வரும்; அந்த வரிசையில் அடுத்தது இது. இதுவும் பகா எண்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் ஆய்லர், அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்.

மாலை வகுப்பில் இதைச் சொன்னதும், பர்கூர்ப் பக்கத்திலிருந்து வரும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, “நானே வகுத்துப் பார்க்கிறேன் சார்” என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டாள்.

4294-இல் 641 ஆறு முறை போகும், மீதி 448. ஒன்பதை இறக்கினால் 4489. ஏழு முறை போக மீதி 2. அடுத்து 26, பிறகு 267. ஈவில் இரண்டு பூஜ்யங்கள். 2672-இல் நான்கு முறை, மீதி 108. 1089-இல் ஒரு முறை. மீதி மறுபடியும் 448! எழுதிய கை நின்றுவிட்டது. முன்பு 448-க்குப் பக்கத்தில் 9 வந்ததால் இரண்டு மிஞ்சியது. இப்போது இறக்க வேண்டிய கடைசி இலக்கம் 7. 4487, ஏழு முறை, மீதி பூஜ்யம். வகுப்பே கைதட்டியது. ஈவு 6700417, அதுவும் பகா எண்.

“641-ஐ எப்படிப் பிடித்தார் சார்?” என்று அடுத்த நொடியே கேட்டாள். அருமையான கேள்வி! இரண்டிலிருந்து பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 641 வருவது 116-ஆவதாக. ஆய்லரோ, இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்று நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிட்டது!

வகுக்காமலும் நிறுவலாம், மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதமே போதும். 641 என்பது 5×2⁷+1, 5⁴+2⁴-உம் அதுவே. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷-இன் மீதியை −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. அதில் 5⁴-க்குப் பதில் −2⁴ என்று போட்டால் −2³²-இன் மீதி 1. அப்படியென்றால் 2³²+1 மீதியின்றி வகுபட்டே ஆக வேண்டும். கணிதத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த நான்கு வரிகள் இல்லை.

ஓசூர், மென்பொருள் பணி:

ஐயா, உங்கள் எண்ணில் ஒன்றைக் குறைத்தால் எங்கள் தொழிலில் தினமும் புழங்கும் எண். 32 பிட் முகவரியால் எட்டக்கூடிய நினைவகம் 4294967296 பைட்; 4 ஜிபி என்பது அதுதான். 65537-உம் எங்களுக்குப் பழக்கம். பாதுகாப்பான இணையதளம் ஒன்றின் சான்றிதழைத் திறந்தேன். ஆர்எஸ்ஏ என்னும் மறையாக்க முறையின் பொதுத் திறவுகோலில் அடுக்காக அந்த எண் நின்றது. ஃபெர்மாவின் பட்டியலில் இன்றுவரை தெரிந்த கடைசிப் பகா எண் அங்கே வேலை செய்துகொண்டிருப்பதைக் கண்டு எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வரிசையில் 4294967297-க்கு அடுத்த எண் 18446744073709551617. 1880-இல், தம் 82-ஆம் வயதில், பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாண்ட்ரி அதைக் காரணிகளாக உடைத்தார். ஒரு காரணி 274177. நீள் வகுத்தலுக்கு ஏற்ற கணக்கு. ஈவு பதினான்கு இலக்கம் வரும். சனிக்கிழமை வரும் பிள்ளைகளிடம் இதைக் கொடுக்கப்போகிறேன். அந்த மாணவியிடமும் கொடுங்கள்.