வண்டி நிற்கவில்லை என்றால் சுடலாமா? மகன் டெக்சாஸில் இருக்கிறான், அதற்காகக் கேட்கிறேன்

பர்கூர் லாரிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 58, ஊர் பர்கூர் பக்கம். இருபத்தாறு வருஷம் சொந்த லாரி ஓட்டினேன். மாங்காய் சீசனில் சேலம், ஈரோடு. மற்ற நாளில் ஓசூரில் என்ன லோடு கிடைக்கிறதோ அது. முதுகு வலி வந்தபிறகு வண்டியை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். மகன் மேல்படிப்பு முடித்து ஹூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது.

போன வாரம் ராத்திரி அவனைப் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. பின்னால் ஒரு லைட் எரியவில்லையாம். ஓரங்கட்டியதும் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்திருக்கிறான், அவ்வளவுதான். பின்னாலிருந்து கண் கூசுகிற வெளிச்சம், ஸ்பீக்கரில் சத்தம், உள்ளே போ, கையைக் காட்டு என்று. அந்த அதிகாரி இடுப்புத் துப்பாக்கி மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாராம். கடைசியில் எச்சரித்து ஒரு சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார். தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் போனில் பையன் குரல் நடுங்கியது. "நீங்க இறங்கிப் போவீங்களேப்பா, அந்தப் பழக்கத்துல இறங்கிட்டேன்" என்றான்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவன் சொன்னது உண்மை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் லீவு விட்டால் கேபினில் என் பக்கத்தில்தான் இருப்பான். போலீஸ் கை காட்டினால் நான் என்ன செய்வேன்? வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் போட்டு வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு, தோளில் கிடக்கிற துண்டை இறக்கிக் கையில் பிடித்தபடி வேகமாக நடந்து போய் ஏட்டய்யா முன்னால் நிற்பேன். கேபினிலேயே உட்கார்ந்திருந்தால், "ஏன், தொரை எறங்கி வரமாட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இங்கே இறங்கிப் போவது மரியாதை. அங்கே அதையே பார்த்துப் பயப்படுகிறார்கள். அந்தப் பழக்கத்தை அவனுக்குக் கொடுத்தவன் நான்.

இன்னொரு விஷயமும் மனதில் ஓடுகிறது. பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் லோடு, நடுராத்திரி. தொப்பூர் கணவாயில் லோடு வண்டியோடு இறங்கியவர்களுக்குத் தெரியும், எவ்வளவு சின்ன கியரில் இறங்கினாலும் பிரேக் டிரம் சூடாகி லைனிங் கருகுகிற வாசனை கேபினுக்குள் வரும். கீழே வந்து சேருகிற இடத்தில் பேரிகார்டு மறைவிலிருந்து ஒரு போலீஸ்காரர் டார்ச் அடித்துக் கை நீட்டினார். எனக்கும் அவருக்கும் நாற்பது அடி இருந்தால் அதிகம். மிதித்தேன், பிடிப்பு வரவில்லை. கியரைக் குறைத்து, ஓரம் வாங்கி, நூறு மீட்டர் தள்ளித்தான் நிறுத்த முடிந்தது. நான் இறங்குவதற்குள் ஓடி வந்துவிட்டார். முதல் லத்தி அடி கதவுத் தகரத்தில் விழுந்தது. இரண்டாவது அடி என் முழங்கைக்கு மேலே. "இடிச்சிட்டு ஓடப் பாக்கறியா?" என்று கத்தினார். டார்ச் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. என்னைவிட அவர்தான் அதிகமாகப் பயந்திருந்தார். வண்டி அவரை உரசாத குறையாகப் போயிருக்கிறது. டிரம்மிலிருந்து புகை வருவதைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவர் கையில் அன்றைக்குத் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். கேட்க வந்தது இதுதான். நிற்காமல் போகிற வண்டி மேல் சுட அங்கே சட்டம் விடுகிறதா? இங்கே? என்னைப் பொறுத்தவரை, அபராதம் கட்டினால் முடிகிற தப்புக்கு உயிர் போகக் கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் டு ஹூஸ்டன்:

அண்ணா, தம்பியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். நிறுத்தியதும் என்ஜினை அணைத்து, உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைக்க வேண்டும். லைசென்ஸ் கேட்டால், எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு, எடுக்கட்டுமா என்று கேட்டு மெதுவாக எடுக்க வேண்டும். இறங்கச் சொன்னால் இறங்கித்தான் ஆக வேண்டும். 1977-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுத்துவிட்டது. நான் வந்து பதினோரு வருஷம் ஆகிறது, மூன்று தடவை நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று தடவையும் உள்ளங்கை வேர்த்தது.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 1974-ல் மெம்பிஸில் 15 வயதுப் பையன் ஒருவன் திருட்டு நடந்த வீட்டிலிருந்து ஓடி வேலி ஏறும்போது போலீஸ் சுட்டு இறந்தான். அவனிடம் இருந்தது பத்து டாலரும் ஒரு பர்ஸும். அந்த வழக்கில் 1985-ல் தீர்ப்பு வந்தது. ஓடுகிறவனால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லையென்றால், ஓடுகிறான் என்பதற்காகச் சுடக் கூடாது என்றது. எழுத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 2015-ல் தெற்கு கரோலினாவில் பிரேக் லைட்டுக்காக நிறுத்தப்பட்ட வால்டர் ஸ்காட் இறங்கி ஓடியபோது முதுகில் சுடப்பட்டார். வழியில் போன ஒருவர் எடுத்த வீடியோ வெளியே வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அந்த அதிகாரிக்கு 20 வருஷம் சிறை.

உங்கள் தொப்பூர் கதையைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஹூஸ்டன் பக்கத்து வழக்கு. 2016 ஏப்ரலில் ஆஷ்டியன் பார்ன்ஸ் என்ற இளைஞரை நிறுத்தினார்கள். அந்த வாடகைக் காரின் பேரில் டோல் பாக்கி இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. இறங்கச் சொன்னபோது அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அதிகாரி நகர்கிற கார் கதவுப் படியில் தாவி ஏறிக் காருக்குள் சுட்டார். படியில் கால் வைத்ததற்கும் முதல் குண்டுக்கும் நடுவே இரண்டு வினாடி. கீழ்க் கோர்ட்டுகள் அந்த இரண்டு வினாடியை மட்டும் பார்த்து, அதிகாரிக்கு உயிர்ப் பயம் இருந்தது, சரி என்று முடித்துவிட்டன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அப்படிக் கடைசி நொடியை மட்டும் வெட்டியெடுத்துப் பார்க்கக் கூடாது, அதற்கு முன்னால் நடந்த அத்தனையையும் சேர்த்துப் பாருங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவர் ஏன் அந்தப் படியில் ஏறினார்? என் மனதில் நிற்பது இதுதான். அதிகாரி தானாகப் போய் ஆபத்தில் நின்றால் அது கணக்கில் வருமா என்பதை மட்டும் கோர்ட் அப்படியே விட்டுவிட்டது. நியூயார்க் போலீசில், ஓடுகிற வண்டியே ஆயுதம் என்று சொல்லிச் சுடுவதை 1972-லேயே விதி போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

தருமபுரி ரிட்டயர்ட் எஸ்.எஸ்.ஐ.:

லாரிக்காரர் தம்பிக்கு வணக்கம். உங்கள் கையில் விழுந்த அடிக்கு முதலில் வருத்தம் தெரிவிக்கிறேன். அது தப்பு.

ஆனால் நான் 34 வருஷம் ரோட்டில் நின்றவன். நிற்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள். வருகிற ஹெட்லைட்டுக்குப் பின்னால் மாங்காய் இருக்கிறதா, குட்கா இருக்கிறதா, அரிவாள் இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. 2020 ஜனவரியில் களியக்காவிளை செக்போஸ்ட்டில் டூட்டியில் இருந்த எஸ்.எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 நவம்பரில் பூமிநாதன், திருச்சி நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. ராத்திரி ரோந்தில், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைத் தனியாக விரட்டிப் பிடித்தார். வெட்டிக் கொன்றுவிட்டார்கள். ஆட்டுக்காக ஒரு போலீஸ்காரன் உயிர். அதற்குப் பிறகுதான் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, ரோந்து போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துப் போங்கள், உயிருக்கு ஆபத்தென்றால் பயன்படுத்தத் தயங்காதீர்கள் என்றார். அந்த வாரம் என் வீட்டுக்காரம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

2024 செப்டம்பரில் நாமக்கல் கண்டெய்னரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திருச்சூரில் ஏ.டி.எம்.களை உடைத்துக் காரையே கண்டெய்னருக்குள் ஏற்றிக்கொண்டு வந்த கூட்டம். நிறுத்தினால் நிற்கவில்லை, வழியில் வண்டிகளை இடித்துக்கொண்டே போனார்கள். மடக்கியபோது போலீசாரைத் தாக்கினார்கள். ஒருவன் சுடப்பட்டு இறந்தான், இன்னொருவனுக்குக் காலில் குண்டு. அங்கே சுடாமல் வேறு என்ன செய்வது? சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி வக்கீல்:

ஐயா சொன்ன மூன்று சம்பவத்திலும் ஆபத்து நேரில் நின்றது. நாமக்கல்லிலும் குண்டு பாய்ந்தது வண்டி நிற்காததற்காக அல்ல, தாக்குதல் நடந்த பிறகு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் பர்கூர் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காது.

சட்டம் இப்படி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு, கைது செய்ய வரும்போது எதிர்த்தாலோ தப்பப் பார்த்தாலோ தேவையான வழிகளைப் போலீஸ் பயன்படுத்தலாம் என்கிறது. அதே பிரிவில் நான்காவது உட்பிரிவு, தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்க இது உரிமை தரவில்லை என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 46-ஆம் பிரிவாக இருந்தது. தன் உயிரையோ மற்றவர் உயிரையோ காப்பாற்றத் தற்காப்பு உரிமை போலீசுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அதற்கு மேல், வண்டி நிற்கவில்லை என்பதற்காகச் சுடப் போலீசுக்கென்று தனி உரிமை ஒன்றும் இல்லை.

ஹெல்மெட் போடாததற்கு அபராதம் 1,000 ரூபாய். சட்டப்படி சொன்ன உத்தரவை மதிக்காமல் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 179-ஆம் பிரிவில் 2,000 ரூபாய். ஆக, நிற்காமல் போனதன் விலையைப் பாராளுமன்றம் ஏற்கெனவே ரூபாயில் நிர்ணயித்துவிட்டது. போலீஸ் சுட்டு யாராவது இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் பதினாறு விதிகள் சொல்லியிருக்கிறது. வழக்குப் பதிய வேண்டும். சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் டீம் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணையும் கட்டாயம். சுட்டவருக்கு உடனே வீரப் பதக்கம் கிடையாது.

பாலக்கோடு டீச்சர்:

துப்பாக்கி பற்றியே பேசுகிறீர்கள். நம் ஊரில் செக்கிங்கில் உயிர் போனது பெரும்பாலும் துப்பாக்கியாலா? 2018 மார்ச்சில் திருவெறும்பூரில் ஹெல்மெட்டுக்காக நிறுத்தியபோது நிற்காமல் போன தம்பதியை இன்ஸ்பெக்டர் பைக்கில் விரட்டிப் போய் வண்டியை உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். 2021 ஜூனில் நமக்குப் பக்கத்திலேயே, வாழப்பாடி தாண்டிப் பாப்பநாயக்கன்பட்டி செக்போஸ்ட்டில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் லத்தியால் அடிபட்டு இறந்தார். இரண்டிலும் சம்பந்தப்பட்டவர்கள் கைதானார்கள், சரி. போன உயிர்?

நான் தினமும் ஸ்கூட்டியில் இருபது கிலோமீட்டர் போகிறேன், முன்னால் என் பெண் நிற்பாள். வளைவில் திடீரென்று ஒருவர் குறுக்கே பாய்ந்து கை நீட்டினால் நான் மிரண்டு ஒடித்துவிடுவேன், அது ஓடுவது இல்லை. கேரள உயர் நீதிமன்றம் 2019-லேயே, ரோட்டு நடுவில் பாய்ந்து பிடிக்காதீர்கள், விரட்டாதீர்கள், கேமராவில் நம்பரைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டது. நம்பர் பிளேட் எங்கே ஓடிவிடப் போகிறது?

தருமபுரி ரிட்டயர்ட் எஸ்.எஸ்.ஐ.:

டீச்சரம்மா சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. உதைத்ததை நான் ஒருநாளும் நியாயப்படுத்தியது கிடையாது.

ஒன்று சொல்கிறேன். என்னோடு டூட்டி பார்த்த இளம் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான். பேரிகார்டை இரண்டு வரிசையாக, வளைந்து வர வைக்கிற மாதிரி போட வேண்டும். நூறு மீட்டர் முன்னாலேயே சிவப்பு லைட். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் இல்லாமல் ரோட்டில் கால் வைக்கக் கூடாது. வண்டி வேகம் குறைந்த பிறகு பக்கவாட்டில் வந்து கை காட்ட வேண்டும், நேர் எதிரில் ஒருநாளும் நிற்கக் கூடாது. நிற்காமல் போனால் நம்பரை மைக்கில் சொல்லு, அடுத்த பாயிண்டில் பிடிப்பார்கள். கணவாய் அடியில் லோடு வண்டிக்குக் கை காட்டவே கூடாது, இடம் தள்ளிப் போய் நில். தொப்பூரில் அன்றைக்கு அந்தப் பையனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. டூட்டி போட்ட என்னைப் போன்ற சீனியர்கள் மேல்தான் அந்தத் தப்பு.

ஆனால் பூமிநாதன் விஷயத்தில் என் மனசு மாறாது. அவர் கையில் துப்பாக்கி இருந்திருக்க வேண்டும்.

பர்கூர் லாரிக்காரன்:

ஐயா, பூமிநாதன் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். வெட்ட வருகிறவனைச் சுடாதே என்று நான் சொல்லவில்லை. உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். என்னை அடித்தவரை இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தேன். அவரை அந்த இருட்டில், அந்த இறக்கத்தில் கொண்டு போய் நிறுத்தியது யார் என்று ஒருநாளும் யோசித்தது இல்லை. ஹூஸ்டன் தம்பி சொன்ன கார் கதவுப் படியும் எனக்கு இப்போது அதே மாதிரி தெரிகிறது. டோல் பாக்கிக்கு வீட்டுக்குத் தபால் அனுப்பினால் போதும், எதற்கு ஓடுகிற கார் மேல் ஏற வேண்டும்? குண்டு வெடித்தபோது பயம் நிஜமாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தப் பயம் வந்த வழியை யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காவிட்டால் அடுத்தவனும் படியில் ஏறுவான்.

நேற்று ராத்திரி மகனுக்குப் போன் போட்டேன். கை ஸ்டியரிங்கில், உள் விளக்கு, வாயால் சொல்லிவிட்டு எடுப்பது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தேன், எட்டாம் வகுப்பு ஒப்பித்தல் மாதிரி. லைசென்ஸ் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால் பேண்ட் பின்பாக்கெட்டில் என்கிறான். கை பின்னால் போகவே கூடாதுடா என்றேன். காலையில் போட்டோ அனுப்பியிருக்கிறான். ஏ.சி. ஓட்டை மேல் ஒரு கிளிப், அதில் லைசென்ஸும் இன்சூரன்ஸும், கண்ணுக்கு நேராக. கிளிப் வாங்கிய கடையில் பின் லைட் பல்பும் மாற்றிவிட்டானாம்.