ராணுவத்திலிருந்து வெளியேறும் திருநம்பி: விஏ-வில் டெஸ்டோஸ்டிரோன் தொடருமா?

கரிசல்காடு:
நண்பர் ஒரு திருநம்பி. அமெரிக்க ராணுவத்தில் மூன்று வருடம் முடித்து வெளியே வரப்போகிறார். ராணுவ மருத்துவமனை மூலமாகத்தான் வாரம் 50 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் சிப்பியோனேட் ஊசி. முன்னாள் படைவீரர் துறை (விஏ) இதை நிறுத்திவிட்டது என்கிறார்கள் சிலர்; ஏற்கெனவே எடுப்பவர்களுக்குத் தருகிறார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? மருந்து தீர்வதற்குள் என்னென்ன செய்துவைக்கணும்?

பனைமரம்:
ரெண்டு தரப்பும் பாதி சரி. திருநர் முன்னாள் வீரர்களின் சிகிச்சை பற்றி விஏ 2018-இல் போட்ட 1341-ஆம் உத்தரவை 2025 மார்ச்சில் ரத்து செய்துவிட்டார்கள். புதிதாக யாருக்கும் ஹார்மோன் தொடங்குவதில்லை, அறுவைச் சிகிச்சைக்கான பரிந்துரைக் கடிதமும் கிடையாது. (அறுவைச் சிகிச்சையை விஏ எப்போதுமே செய்ததில்லை, அது விஏ மருத்துவச் சலுகைகளுக்கான 17.38 விதியிலேயே விலக்கப்பட்டது.) ஆனால் ரெண்டு பேருக்கு விலக்கு: ஏற்கெனவே விஏ-வில் ஹார்மோன் வாங்குபவர், ராணுவத்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டே வெளியேறி, விஏ மருத்துவத்துக்குத் தகுதியும் உள்ளவர். உங்கள் நண்பர் ரெண்டாவது ரகம். வெளியேறும் நாளில் சிகிச்சை நடப்பில் இருந்தது என்று காகிதத்தில் காட்டுவதுதான் இங்கே எல்லாமே. நடுவில் சில மாதம் விட்டுப்போனால் வாதாடுவது கஷ்டம்.

அதனால் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே ராணுவ மருத்துவ போர்ட்டலில் நுழைந்து மருந்துப் பட்டியல், கடைசி ரீஃபில் தேதி, மருத்துவர் குறிப்பு, ஒரு வருட ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கார்டு போனபின் அந்த வழியில் நுழைவது சிக்கலாகலாம். ராணுவத்திலிருந்து விடுவித்ததற்குத் தரும் டிடி-214 சான்றில் 'மெம்பர்-4' பிரதி வேண்டும். எந்த வகை விடுவிப்பு என்பது அதில்தான் இருக்கும், 'மெம்பர்-1' பிரதியில் இருக்காது. அது கையில் வந்த அன்றே விஏ மருத்துவத்தில் பதிவதற்கான 10-10ஈஇசட் படிவத்தைப் போட்டுவிடலாம். விஏ-வில் பதிய பொதுவாக 24 மாதத் தொடர் சேவை கேட்பார்கள், மூன்று வருடம் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

உப்பளம்:
டெஸ்டோஸ்டிரோன் அமெரிக்காவில் மூன்றாம் பட்டியல் கட்டுப்பாட்டு மருந்து. ஒரு சீட்டு 6 மாதம்தான், அதிகபட்சம் 5 ரீஃபில். விஏ மருந்து தபாலில் வருவதால், தீர்வதற்கு 10 நாள் முன்பே ரீஃபில் கேட்கணும். விடைபெறும் முன் ராணுவ மருத்துவரிடம் 90 நாளைக்கு எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். விஏ-வின் முதல் சந்திப்பு அடுத்த வாரமே கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம். 200 மி.கி./மி.லி. குப்பியில் 50 மி.கி. என்பது 0.25 மி.லி. வார ஊசி போடுபவர் ரத்தம் கொடுப்பதை ரெண்டு ஊசிக்கு நடுவில், மூன்றாவது அல்லது நாலாவது நாளில் வைத்துக்கொள்ளணும். போட்ட மறுநாளே கொடுத்தால் அளவு எகிறித் தெரியும். புது டாக்டர் அதைப் பார்த்து டோஸைக் குறைத்துவிடுவார், தேவையில்லாத தலைவலி. ஹெமட்டோகிரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 54 சதவீதத்தைத் தாண்டினால் டோஸைக் குறைப்பதோ தற்காலிகமாக நிறுத்துவதோ நியாயம்தான்.

கரிசல்காடு:
நன்றி. முதல் சந்திப்பிலேயே 'எங்களால் முடியாது' என்று சொல்லிவிட்டால்?

பனைமரம்:
வாய்ச் சண்டை வேண்டாம். 'ராணுவத்தில் சிகிச்சையோடு வெளியேறியவர், விலக்கில் வருகிறார்' என்று விஏ-வின் ஆன்லைன் செக்யூர் மெசேஜில் எழுதி, அந்த பிடிஎஃப்களை இணைத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அடுத்து அந்த மருத்துவமனையின் பேஷண்ட் அட்வகேட், அதாவது நோயாளிகளின் குறைகளைக் கவனிப்பவர். அங்கேயும் நகரவில்லை என்றால் கிளினிக்கல் அப்பீல், அதாவது சிகிச்சை முடிவை எதிர்த்து விஏ-விடமே மேல்முறையீடு. அப்பீல் ஓடும்போது மருந்து நிற்கக்கூடாது. வெளியே இன்ஃபார்ம்டு கன்சென்ட் முறையில் (விளைவுகளை விளக்கிச் சம்மதம் வாங்கிக்கொண்டு) ஹார்மோன் எழுதும் கிளினிக் ஒன்றில் இப்போதே பதிந்துவைக்கலாம். அங்கே எழுதும் சீட்டை விஏ ஃபார்மசியில் நீட்டினால் கொடுக்க மாட்டார்கள். காசு கொடுத்தோ தனி இன்சூரன்ஸிலோ வெளிக் கடையில்தான் வாங்கணும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சிகிச்சை விடாமல் நடந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி.